சுவரில் எழுதிய பத்தொன்பது

போன தைக்கு வெள்ளை அடிக்கும்வரை எங்கள் வீட்டு முன்கதவுக்கு வலது பக்கச் சுவரில் என்னுடைய பாயிண்ட் வரிசையாக எழுதியிருந்தது. என் வீட்டுக்காரர் பென்சிலில் எழுதியது. அதற்கு மேலே, அதே பென்சிலில், குச்சிக்கிழங்கு பாயிண்ட். வருகிறவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் படித்துவிட்டு, "இந்த வருசம் கெழங்கு ஏனுங்க இத்தன கம்மி?" என்று கேட்டிருக்கிறார்கள். அது கிழங்கு இல்லை, நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வராது. உள்ளே போய்விடுவேன்.

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். நாலு பேர் நடுவில் பேச்சு வராது. போன மாதம் சேலத்து ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எடப்பாடிப் பக்கம் தறி ஓட்டுகிறவள். எனக்கு வந்த அதே மார்புப் புற்றுநோய்தான். கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டை வைத்துக்கொண்டு, "நம்பர் நல்லாத்தானுங்க இருக்குது. டாக்டரைப் பாக்காமயே போயிரலாமான்னு இருக்கறேன்" என்றாள். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. வாயிலிருந்து வந்தது, "பாத்துட்டே போங்க" என்பது மட்டும்தான். என் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது அந்த நாற்காலியில் வேறு ஆள். பார்த்துவிட்டுப் போனாளோ, பார்க்காமல் போனாளோ. அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. அவளிடம் சொல்லாமல் விட்டதை எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் ஆட்டையாம்பட்டிக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில். மூன்று ஏக்கரில் குச்சிக்கிழங்கு. மரவள்ளி என்று புத்தகத்தில் எழுதுவார்களே, அதுதான். கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றி ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லுக்கு அனுப்பினால், அங்கே ஒரு கூடைக் கிழங்கை எடுத்துத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுப்பார்கள். அதில் மாவு எவ்வளவு என்று ஒரு எண் வரும். அதுதான் பாயிண்ட். ஒரு கூடைக்கு வந்த எண்தான் ஒரு லாரிக் கிழங்குக்கும் விதி. இருபத்தெட்டு வந்தால் என் வீட்டுக்காரர் மில் வாசலிலேயே டீ வாங்கிக் கொடுப்பார். இருபத்திரண்டு வந்தால் வீட்டில் யாரும் அவரிடம் பேசக்கூடாது. நாற்பது வருசமாக அவர் நம்பியது, சந்தேகப்பட்டது, சண்டை போட்டது எல்லாம் அந்த எண்ணோடுதான். இதைச் சொன்னால்தான் பிறகு நடந்தது விளங்கும்.

என் கட்டியை முதலில் கண்டுபிடித்தது எந்தக் கருவியும் இல்லை. என் மருமகள் கவிதா. வீட்டிலேயே ரவிக்கை தைப்பாள். எனக்கு அளவு எடுக்கும்போது நாடா இடது மார்பில் ஒரு இடத்தில் ஏறி இறங்கியது. அவள் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"ஏனுங்கத்த, இது என்னது?"

"நரம்பு சுருண்டிருக்கும். வுடு சாமி."

"எத்தன நாளா இருக்குது?"

குளிக்கும்போது சின்ன வெங்காயம் அளவுக்குத் தட்டுப்பட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. எந்த வாயால் யாரிடம் சொல்வது? வலியும் இல்லை. வலிக்காததைக் கெட்டது என்று நான் நினைக்கவில்லை. வலிக்கவில்லை என்பதற்காகவே நான் அதைப் பார்த்துப் பயந்திருக்க வேண்டுமாம். பிறகு சொன்னார்கள்.

அதற்கப்புறம் சேலம். மார்பை இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அழுத்தி ஒரு எக்ஸ்ரே. கட்டிக்குள் ஊசி விட்டு ஒரு துணுக்குச் சதை எடுத்து, அதைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் வீட்டில் எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசினார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. எனக்குக் காதே கேட்காமல் போய்விட்டது போல இருந்தது.

புற்றுநோய்தான் என்று வந்தது. ஆபரேஷன் செலவு காப்பீட்டு அட்டையில் போய்விட்டது. இடது மார்பை எடுத்தார்கள். அக்குளில் நெறிகட்டிகளையும் எடுத்தார்கள். நோய் உடம்பின் மற்ற இடத்துக்குப் போக முதலில் பிடிக்கிற வழி அதுதானாம். பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ மருந்து, அதன்பின் கரண்ட் வைத்தார்கள். கரண்ட் என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்வது கதிர்வீச்சை. நாலு நிமிடம் கரண்டுக்கு நாலு மணி நேரம் நாற்காலி. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். "அடுத்தது நீங்கதான்" என்று ஒரு நர்ஸ் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவாள்.

கீமோ நாட்களில் வாயெல்லாம் புண். என் வீட்டுக்காரர் ஆட்டையாம்பட்டி முறுக்கு வாங்கி வந்து, எனக்குப் பிடிக்கும் என்பதால், மோரில் ஊறவைத்து, கூழ் மாதிரி ஆக்கி, ஸ்பூனில் கொடுத்தார். அந்த மனிதர் அடுப்படிக்குள் வந்தே நான் பார்த்ததில்லை. அது முறுக்கு மாதிரியே இல்லை. இருந்தாலும் முழுவதும் சாப்பிட்டேன். கவிதா என் நாலு ரவிக்கையிலும் இடது பக்கம் உள்ளே ஒரு பை தைத்து, இலவம் பஞ்சு அடைத்து, கனம் வர ஒரு பிடி கோதுமையும் போட்டுக் கொடுத்தாள். "ரேசன் கோதுமதானுங்கத்த, புழு வெச்சா மாத்திக்கலாம்" என்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு நான் சிரித்தது அன்றுதான். மகன் செந்தில் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் லாரியோடு ராஜஸ்தானில் இருந்தான். தினமும் போனில் முகம் காட்டுவான். பின்னால் ரிக் ஓடுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்காது. இருவரும் தலையை ஆட்டிவிட்டு வைத்துவிடுவோம்.

இந்த நடுவில்தான் பாயிண்ட் வந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தத்தில் ஒரு பரிசோதனை எடுத்தார்கள். டியூமர் மார்க்கர் என்று பெயர். அதற்கு எனக்கு அறுபத்தொன்று. சிகிச்சை எல்லாம் முடிந்து எடுத்தபோது இருபத்துநாலு. பெரிய டாக்டரம்மா எங்களுக்கு விளங்கும்படித்தான் சொன்னார். சில கட்டிகள் ஒரு புரதத்தை ரத்தத்தில் விடும். அதை அளக்கிறோம். முப்பதுக்குள் இருந்தால் சாதாரணம் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் ஈரலில் கோளாறு இருந்தாலும் ஏறும், வேறு காரணத்துக்கும் ஏறும். சாதாரண ரத்தப் பரிசோதனையில் இரண்டு வகை வெள்ளை அணுக்களின் கணக்கையும் இப்போதெல்லாம் சிலர் பார்க்கிறார்கள். நோய் எந்தப் பக்கம் போகும் என்று ஊகிக்க இதெல்லாம் கூடுதல் அடையாளங்கள். அவ்வளவுதான்.

'ஆனால்' என்பதற்கு முன்னால் சொன்னது மட்டும்தான் என் வீட்டுக்காரர் காதில் விழுந்தது. பஸ்ஸில் வரும்போது, "அறுவத்தொண்ணுலருந்து இருவத்திநாலு. பாயிண்ட் எறங்கி நான் சந்தோசப்படறது இதான் புள்ள மொத தடவ" என்றார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் சுவரில் எழுதினார்.

அதிலிருந்து நான் ஒரு லோடு கிழங்கு ஆகிவிட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். எண் வரும்வரை வீட்டில் யாரும் என்னிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்கமாட்டார்கள். வந்தபின் கேட்க வேண்டியதில்லை. இடது கை வீங்கி, அரிசி மூட்டையைப் போலக் கனக்கிறது என்று ஒருமுறை சொன்னேன். "பாயிண்ட்தான் இருவத்திமூணு இருக்குதே" என்றார். என் கொழுந்தனார் பெண்டாட்டி, கல்யாண வீட்டில், எல்லோர் நடுவிலும், "அக்காளுக்கு இப்ப எத்தனைங்க?" என்று கேட்டாள். வயதைக் கேட்கிறாள் என்று நினைத்து ஒரு அம்மாள் அறுபத்தாறு இருக்கும் என்று பதில் சொன்னார். அதுதான் என் பாயிண்ட் என்று நினைத்து இவள் முகம் வெளிறிப்போனது. மறுநாள் அழுதுகொண்டே ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்துவிட்டாள்.

அவருக்கு ஒரு பழக்கம். எந்த மில்லையும் அவர் நம்பியதில்லை. ஒரு மில்லில் பாயிண்ட் போட்டுவிட்டு, நாலு கிழங்கை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த மில்லில் போய்ச் சரி பார்ப்பார். என்னையும் அப்படியே செய்தார். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் கொடுத்த கையோடு, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வேறொரு லேபுக்குக் கூட்டிப்போனார். ஏற்கனவே வலது கையில் நரம்பு கிடைக்காது. நெறிகட்டி எடுத்த பக்கம் என்பதால் இடது கையில் குத்தக்கூடாது. லேபில் இருந்த பெண் நாலு இடத்தில் குத்தினாள். ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு. அங்கே முப்பத்துநாலு.

அன்று வீடு இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. செந்தில் ரிக்கை விட்டுவிட்டுக் கிளம்பட்டுமா என்றான். மறுநாள் காலை டாக்டரம்மாவின் மேஜையில் இரண்டு சீட்டையும் வைத்து, "இதுல எதுங்க நெசம்?" என்றார் இவர்.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது. "ரெண்டும் நெசந்தான். ஒவ்வொரு லேபுலயும் மிஷின் வேற, மருந்து வேற. ஒரே எடத்துல எடுத்து, ஏறுதா எறங்குதான்னுதான் பாக்கணும். இப்படி ஒப்பிடக்கூடாது."

"மில்லுக்காரனும் இதையேதானுங்க சொல்லுவான்."

"நான் மில்லு நடத்தல ஐயா."

நான் அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் அதற்கடுத்த தடவை வந்த எண் அவரைச் சமாதானப்படுத்திவிட்டது. பத்தொன்பது. அதுவரை வந்ததிலேயே நல்ல எண். சுவரில் மற்றதைவிடப் பெரிதாக எழுதி, சுற்றி வட்டம் போட்டார். கிழங்கு பிடுங்கும் நேரம் என்று ரத்தம் மட்டும் கொடுத்துவிட்டு வந்திருந்தோம், எண் செந்தில் போனுக்கு வந்தது. லாரி நிற்கிறது, ஆள் நிற்கிறது. செந்தில் போனில், "ரிப்போர்ட்ட ஆஸ்பத்திரிக்கு வாட்சப்புல அனுப்பிட்டனுங்கம்மா. நல்லாத்தான இருக்குது. நேர்ல அடுத்த தடவ போயிக்கலாம்" என்றான். எல்லோருக்கும் சந்தோசம்.

அந்த வாரம்தான், குளிக்கும்போது, தழும்பின் ஓரத்தில், அக்குள் பக்கம், ஒரு துவரம்பருப்பு மாதிரி தட்டுப்பட்டது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம் மட்டும் காரணம் இல்லை. நான் அவரைக் குறை சொல்கிறேனே, நானும்தான் அந்த எண்ணை நம்பினேன். ஈரத் துணியோடு முன்கதவுக்கு வந்து சுவரைப் பார்த்தேன். வட்டம் போட்ட பத்தொன்பது. அப்படியானால் இது தையல் முடிச்சாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தினமும் குளிக்கும்போது தொட்டுப் பார்ப்பேன். தினமும் சுவரைப் பார்ப்பேன். மூன்று மாதத்தில் துவரம்பருப்பு கொண்டைக்கடலை ஆனது. சுவரில் பத்தொன்பது பத்தொன்பதாகவே இருந்தது.

அடுத்த தடவை போனோம். விடிகாலை பஸ், ரத்தம் கொடுத்தாயிற்று, டோக்கன் நாற்பத்தேழு. கவிதா தைத்த ரவிக்கையில் வியர்த்து, கோதுமைப் பை ஒரு பக்கமாக இறங்கிக்கொண்டே இருந்தது. மதியம் எண் வந்தது. இருபத்தொன்று. இவருக்கு முகம் செத்துப்போனது.

உள்ளே டாக்டரம்மாவோடு இரண்டு பையன்கள் நின்றிருந்தார்கள். டாக்டருக்குப் படிக்கிறவர்கள். வெளியே கூட்டம் கதவைத் தள்ளுகிறது.

"ஏதாவது தொந்தரவு இருக்கா அம்மா?" என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்கறா" என்றார் இவர். "இது மட்டுந்தானுங்க. ரெண்டு பாயிண்ட் ஏறிப்போச்சு."

"ரெண்டெல்லாம் ஒரு ஏத்தமே இல்ல. நார்மல்."

"பத்தொம்பது இருந்துச்சுங்களே."

"இன்னைக்கும் நாளைக்கும் எடுத்தாலே ரெண்டு மாறும் ஐயா."

இப்படியே ஐந்து நிமிடம். பத்தொன்பதுக்கும் இருபத்தொன்றுக்கும். எப்போதும் டாக்டரம்மா திரையை இழுத்து, படுக்கவைத்து, கை வைத்துப் பார்ப்பார். அன்று அந்த நேரத்தை இந்தச் சண்டை தின்றுவிட்டது. ஒரு நர்ஸ் உள்ளே வந்து அவசரக் கேஸ் என்று ஏதோ சொன்னாள். "சரிங்கம்மா, தினம் போடற அதே மாத்திரை. மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார். இவர் எழுந்தார். நானும் எழுந்தேன். வாசல்வரை போய்விட்டேன். மூன்று மாதம் என்ற சொல்தான் என்னை நிறுத்தியது. துவரம்பருப்பு கடலையாக ஆன மூன்று மாதம். இன்னொரு மூன்று மாதத்தில் அது என்ன ஆகும் என்று என் கைக்குத் தெரியும்.

திரும்பி நின்றேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"ஏனுங்க டாக்டரம்மா, மில்லுல கூட ரெண்டு கெழங்க ஒடிச்சு, உள்ள கருத்திருக்குதான்னு பாத்துட்டுத்தானுங்க தண்ணியில போடுவாங்க. என்னைய இன்னைக்கு யாரும் பாக்கலீங்க."



"என்ன புள்ள பேசற?" என்றார் இவர்.

"நீங்க செத்த நேரம் வெளிய இருங்க" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவரை நான் வெளியே இருக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. படிக்கிற பையன்கள் இரண்டு பேரும் அவருக்கு முன்னால் வெளியே போய்விட்டார்கள்.

டாக்டரம்மா திரையை இழுத்தார். கையை அக்குளில் வைத்த உடனே அவர் விரலும் நின்றது, கவிதாவின் விரல் நின்ற மாதிரியே. "எப்ப இருந்து?" என்றார். "பத்தொம்பதுலருந்துங்க" என்றேன். எனக்கு வேறு கணக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுபடி ஊசி, மறுபடி பத்து நாள். அது புற்றுநோய்தான். அதே இடத்தில் திரும்பி வந்திருந்தது. முழு உடம்புக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். அந்த இரும்பு வளையத்துக்குள் போகும்போது கண்ணை மூடிக்கொண்டேன். வேறு எங்கும் இல்லை என்று வந்தது. கட்டியை எடுத்து, மாத்திரையை மாற்றினார்கள். இன்னும் ஒரு வருசம் விட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்று டாக்டரம்மா சொன்னார்.

எனக்குக் கோபம் போகவில்லை. கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது அவரிடமே கேட்டேன். "அப்ப அந்த ரத்தம் எதுக்குங்க எடுக்கறீங்க? எத்தன தடவ குத்துனீங்க."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "அது கூட வர்ற ஆளும்மா. வழி தெரிஞ்ச ஆளு இல்ல. கட்டி எவ்வளவு பெருசு, நெறிகட்டியில இருந்துதா, ஸ்கேன் என்ன சொல்லுது, என் கை என்ன சொல்லுது, நீங்க என்ன சொல்றீங்க, இதெல்லாம் கேட்டுட்டு அதையும் ஒரு வார்த்தை கேக்கறோம். சின்னக் கட்டி ரத்தத்துல தெரியற அளவுக்கு எதையும் விடாது. சில கட்டி பெருசானாலும் விடாது." என் கட்டைச் சரி பண்ணிக்கொண்டே, "அன்னைக்கு நான் பாத்திருக்கணும்" என்றார்.

பெரிய படிப்புப் படித்தவர் அப்படிச் சொன்னது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "கூட்டமுங்களே" என்றேன்.

வீட்டுக்கு வரும்போது இவர் ஆட்டையாம்பட்டியில் இறங்கி முறுக்கு வாங்கிக்கொண்டு வந்தார். வாயில் புண் இல்லை, மோரில் ஊறவைக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. புண் இருக்கிறதா என்று அவர் என்னிடம் கேட்டிருக்கவில்லை.

தை பிறப்பதற்கு முந்தின வாரம் அவரே சுண்ணாம்பு கரைத்து வெள்ளை அடித்தார். முன்கதவுச் சுவருக்கு வந்ததும் சுண்ணாம்பு அடிக்கிற மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இதையெல்லாம் அழிச்சுப்போடட்டுமா புள்ள?"

"கெழங்க அழிச்சுக்கோங்க."

"உன்றது?"

"அதையும் அழிங்க. பத்தொம்பத மட்டும் வுடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, குழந்தைக்குத் தலை சீவுகிற மாதிரி, அந்த வட்டத்தைச் சுற்றி மெதுவாக அடித்தார். இப்போது அந்தச் சுவர் முழுக்க வெள்ளை. நடுவில் உள்ளங்கை அளவுக்கு அழுக்கு, அதில் பத்தொன்பது. பார்க்க நன்றாக இல்லை. கொழுந்தனார் பெண்டாட்டிகூட, "ஏனுங்கக்கா, அத மட்டும் ஏன் வுட்டுட்டாரு? என்ன பாயிண்ட்டுங்க அது?" என்று கேட்டாள்.

நான் உள்ளே போகவில்லை.

"நெம்ப நல்ல பாயிண்ட்டு சாமி" என்றேன். "அது வந்த வாரத்துலதான் எனக்குக் கட்டி இருந்துச்சு."